ஊருக்கு வாற சிஸ்டர்மார நம்பலாமா? லோன் பிரச்சினையில வந்து நிக்கிறாங்க

படுவான்கரையான்:

எல்லாருக்கும் வணக்கம். நான் கொக்கட்டிச்சோலைப் பக்கம், மேசன் வேல. நாங்க சைவம், தான்தோன்றீஸ்வரர் தேர் வடம் புடிக்கிற ஆக்கள். அத முதல்லயே சொல்லிப் போடுறன், ஏனெண்டா பிரச்சினையே அதாலதான் வந்திரிக்கி.

என்ட மனிசி மூண்டு வருசத்துக்கு முன்ன கூரை போட எண்டு குழு லோன் ஒண்டு எடுத்தவ. மறுகா அதக் கட்ட இன்னொண்டு. அதுவும் பத்தாம மாமிர பேர்ல ஒண்டு. லோன் காசு வாங்க செவ்வாய் ஒருத்தன், வியாழன் ஒருத்தன், வெள்ளி ஒருத்தன் எண்டு வருவானுகள். வியாழக்கிழம வாறவன் ஆகலும் மோசம், காசு குடுக்காட்டி வீட்டு முத்தத்த (முற்றத்த) விட்டு எழும்ப மாட்டான், இரவு ஏழு எட்டு மணியெண்டாலும் மோட்டர் சைக்கிள்ல சாஞ்சிக்கிட்டு நிப்பான், பக்கத்து வளவெல்லாம் பாக்கும். வேல இல்லாத கிழமையில நான் வயல் வட்டைப் பக்கம் போய் இருட்டின பொறகுதான் வீட்ட வாற, வெக்கத்த விட்டுச் சொல்றன்.

இப்ப ஒரு ஆறேழு மாசமா ஒரு சிஸ்டர், கன்னியர் மடத்து ஆள், ஊருக்கு வாறா. ஸ்கூட்டியில, சாம்பல் நிறச் சாரி, கழுத்தில சின்னக் குருசு. மாதர் சங்கக் கட்டிடத்தில பொம்பளயள இருத்தி வச்சிக் கதைக்கிற. நானும் அரிசி பருப்பு ஏதும் குடுப்பாங்களாக்கும் எண்டு நினச்சன், ஒரு சதம் குடுக்கல்ல. ஆளுக்கொரு கொப்பி குடுத்தா, அவ்வளவுதான். எடுத்தது எவ்வளவு, கட்டினது எவ்வளவு எண்டு திகதி போட்டு எழுதச் சொல்லியிரிக்கா. என்ட மனிசி எட்டாம் வகுப்பு, அவ ராவில விளக்கடியில குந்தி அந்தக் கொப்பிய எழுதுறா.

போன வியாழன் அந்தப் பொடியன் வந்த நேரம் சிஸ்டரும் வந்திட்டா. வாசல் படியில குந்தினவ எழும்பவே இல்ல. "தம்பி, ஆறு மணிக்குப் பொறகு பொம்பளயள் தனிய இரிக்கிற வீட்டுக்கு வந்து நிக்க உங்களுக்கு யார் சொன்ன? எழுதித் தாங்க" எண்டு கேட்டாவாம். அவன் போன்ல ஆரோடயோ கதச்சிப் போட்டு போயிட்டான். நான் அந்த நேரம் வீட்டில இல்ல.

இப்ப மனிசிர தாய்மாமன் கோயில் வண்ணக்கர், கோயில் நிர்வாகம் பாக்கிறவர், அவர் வந்து நிண்டு சத்தம் போடுறார். "இண்டைக்கு கொப்பி தருவாளுகள், நாளைக்கு பைபிள் தருவாளுகள், அடுத்த வருசம் உன்ட புள்ளைக்கு ஞானஸ்நானம்" எண்டு. எனக்கு அந்த சிஸ்டர்ல ஒரு கெடுதியும் தெரியல்ல. ஆனா ஒருத்தர் சும்மா எங்கயோ இரிந்து வந்து, சம்பளமும் இல்லாம, நம்மட கடனுக்காகச் சண்ட புடிக்கிறதெண்டா அதுக்குப் பின்னால என்னவாவது இரிக்கத்தானே வேணும்? இவங்கள ஆரு அனுப்புற? காசு ஆரு குடுக்கிற? வெள்ள உடுப்பு சிஸ்டர்மாரும் இவங்களும் ஒண்டா? லோன்காரனோட பகைச்சா நாளைக்கு பொலிசு கிலிசு எண்டு வந்தா சிஸ்டர் நிப்பாவா, இல்ல மடத்துக் கேற்றப் பூட்டிப் போடுவாவா? தெரிஞ்ச ஆக்கள் சொல்லுங்க.


புளியந்தீவுப்புள்ள:

அண்ணன், நான் வேதக்காரி, கத்தோலிக்கம், கன்னியர் மடத்துக்குப் பக்கத்தில வளந்தவ, எனக்குத் தெரிஞ்சதச் சொல்றன்.

முதல் விசயம், எல்லாச் சிஸ்டர்மாரும் ஒரே கூட்டம் இல்ல. ஒவ்வொரு சபையும் வேற வேற. திருக்குடும்பக் கன்னியர் எண்டு ஒரு சபை, பிரான்சில போர்தோ எண்ட ஊர்ல 1820ல தொடங்கினது, யாழ்ப்பாணத்துக்கு 1862ல வந்தவங்க. நல்லாயன் கன்னியர் 1835ல தொடங்கின சபை, இலங்கைக்கு 1869ல வந்தது, அவங்கட வேலையே ஆரும் சேத்துக்கொள்ளாத பொம்பளயளோட. கார்மேல் சபைச் சிஸ்டர்மார் பள்ளிக்கூடத்துக்குப் பேர் போனவங்க, கல்முனை கார்மேல் பற்றிமாப் பள்ளிக்கூடத்திர பேர்லயே கார்மேல் இரிக்கி. அதால உடுப்பும் வேற, வேலையும் வேற. சில சபைக்காரர் மடத்த விட்டு வெளியில வரவே மாட்டாங்க, முழு நேரமும் செபம் மட்டும்தான். உங்கட ஊருக்கு வாறவ அப்பிடிச் சபை இல்ல.

சம்பளம் எண்டா அவங்கட கைக்கு ஒண்டும் இல்ல. ஏழ்மை, கற்பு, கீழ்ப்படிதல் எண்டு மூண்டு வார்த்தைப்பாடு குடுக்கிறவங்க. பள்ளிக்கூடத்தில படிப்பிக்கிற சிஸ்டருக்கு அரசாங்கம் சம்பளம் குடுக்கும், 1960, 61ல மிசன் பள்ளிக்கூடங்கள அரசாங்கம் எடுத்த பொறகு அனேகமான இடத்தில அப்பிடித்தான். ஆனா அந்தச் சம்பளம் அப்பிடியே மடத்துப் பொதுக் காசுக்குப் போகும். அதில இரிந்துதான் உங்கட சிஸ்டர்ட ஸ்கூட்டிக்குப் பெற்றோல் அடிக்கிறது. சரியாச் சொன்னா ஒரு ரீச்சர் சிஸ்டர் உழைச்சு ஒரு ஊர் சுத்துற சிஸ்டரப் பாக்கிறா. வெளிநாட்டுச் சபையெண்டா அங்க இரிந்தும் உதவி வரும், இல்லையெண்டு சொல்லல்ல.

மதம் மாத்துறதப் பத்தி. எங்கட சபையில ஒரு ஆள் தானா வந்து கேட்டாலும் லேசில ஞானஸ்நானம் குடுக்க மாட்டாங்க, மாசக்கணக்கா படிப்பிச்சு, என்னத்துக்கு வாறாய் எண்டு திருப்பித் திருப்பிக் கேட்டு, அனேகமா பாஸ்கு இரவில, உயிர்த்த ஞாயிறுக்கு முதல் இரவிலதான் குடுப்பாங்க. என்ட மச்சாள் கலியாணத்துக்காக எண்டு வந்தவ, ஒன்றரை வருசம் இழுத்தடிச்சாங்க, நாங்களே சலிச்சுப் போனம். வீடு வீடா வந்து மாத்துறது வேற கூட்டம், அவங்கட பழி எங்கட தலையில விழுது.


வாவிக்காத்து:

@புளியந்தீவுப்புள்ள மற்றதெல்லாம் சரி தங்கச்சி, அந்தக் கடைசி வரி தேவையில்லாதது. 2019 ஏப்ரல் 21 குண்டு வெடிச்சு, கத்தோலிக்கம் இல்லாத சீயோன் சபையில செத்ததும் நம்மட ஊர்ப் புள்ளயள்தான். அண்டைக்கு ஆஸ்பத்திரி வாசல்ல ஆரும் எந்தச் சபை எண்டு பாத்து ரத்தம் குடுக்கல்ல.


புளியந்தீவுப்புள்ள:

ஓம், பிழைதான். எடுத்திட்டதா வச்சிக்கொள்ளுங்க.


கல்லடிக்காரன்:

எல்லாரும் ஒரே புகழாப் புகழுறீங்க, நான் மற்றப் பக்கத்தச் சொல்றன்.

நான் படிச்ச ஒரு பள்ளிக்கூடத்தில, பேர் வேணாம், சிஸ்டர் ஒராள் இரிந்தா. டொக்டர்ட மகள், என்ஜினியர்ட மகன் எண்டா முன் வாங்கு (பெஞ்சு). மீன் விக்கிற ஆக்கள்ட புள்ளயளுக்குப் பின் வாங்கு. எங்கட அம்மா வசதிக்கட்டணம் கட்ட ஒரு மாசம் பிந்தினதுக்கு அசெம்பிளியில பேர் வாசிச்சவ. ஏழைகள்ட சிஸ்டர் எண்டு ஆரும் சொன்னா எனக்கு அந்த அசெம்பிளிதான் ஞாபகம் வாற. அந்தப் பொம்பளயும் அதே மூண்டு வார்த்தைப்பாடு குடுத்தவதான்.

மதம் மாத்துற விசயத்துக்கு வருவம். 2003ல திருச்சிலுவைக் கன்னியர் எண்ட சபை தங்கட சபையச் சட்டப்படி பதிய எண்டு பாராளுமன்றத்துக்கு மசோதா கொண்டு போனவங்க, உயர் நீதிமன்றம் அத அரசியலமைப்புக்கு முரண் எண்டு சொல்லிப் போட்டுது. உதவியும் செஞ்சிக்கிட்டு மதமும் பரப்பினா, கஸ்டப்பட்ட சனம் மறுக்க ஏலாம மாட்டிக்கொள்ளும் எண்டதுதான் காரணம். அப்ப உங்கட வண்ணக்கர் மாமா கேக்கிற கேள்விய நாட்டிர பெரிய கோடே கேட்டிரிக்கி. அவரப் பைத்தியக்காரன் ஆக்காதீங்க.

சுனாமிக்குப் பொறகு எத்தினை உதவி நிறுவனத்திர பேர் போர்ட் பாத்தம், எத்தினை வாகனம் பாத்தம். ப்ரொஜெக்ட் முடிஞ்சதும் போர்ட மட்டும் விட்டிட்டுப் போயிட்டாங்க, அதுவும் துருப் புடிச்சு இப்ப கோழிக்கூட்டுக்குக் கூரையாக் கிடக்கு.


சட்டம்படிக்கிறவ:

கல்லடி அண்ணன் பாதிக் கதையில நிப்பாட்டிப் போட்டார். அந்தத் தீர்ப்புக்கு மேல அந்தச் சிஸ்டர்மார் ஐநா மனித உரிமைக் குழுவுக்குப் போனவங்க. 2005ல அந்தக் குழு, இலங்கை இவங்கட மத சுதந்திரத்தையும் சமத்துவ உரிமையையும் மீறியிரிக்கி எண்டு சொன்னது. மற்ற மத அமைப்புகளுக்கு அதே மாதிரிப் பதிவு குடுத்திரிக்கக்க இவங்களுக்கு மட்டும் ஏன் இல்ல எண்டு அரசாங்கத்தால நியாயம் சொல்ல ஏலாமப் போச்சு. தீர்ப்பு மாறல்ல எண்டதும் உண்மை. ஆனா அதில சிஸ்டர்மார் ஆரையும் கட்டாயப்படுத்தி மாத்தினாங்க எண்டு ஒரு சாட்சியும் இல்ல, மாத்தலாம் எண்ட பயம்தான். இதயும் மாமாட்டச் சொல்லுங்க, அதயும் சொல்லுங்க.

லோன் விசயத்தில கையோட சொல்றன்.
நுண்நிதிக்கு (மைக்ரோ ஃபினான்ஸ்) எண்டு 2016ல 6ம் இலக்கச் சட்டம் ஒண்டு இரிக்கி. மத்திய வங்கி உரிமம் குடுத்த கொம்பனிகள்ட லிஸ்ட் அவங்கட வெப்சைட்ல கிடக்கு, முதல்ல உங்கட மூண்டு கொம்பனியும் அதில இரிக்கா, இல்லாட்டி நிதிக் கொம்பனி லிஸ்ட்ல இரிக்கா எண்டு பாருங்க. எதிலயும் இல்லாட்டி கதை வேற. மனிசிர அடையாள அட்டையோ ஏடிஎம் கார்டோ அவங்கட கையில இரிந்தா அத முதல்ல வாங்குங்க. ரசீது இல்லாம ஒரு ரூபாயும் குடுக்க வேணாம். அந்தக் கொப்பி லேசான சாமான் இல்ல அண்ணன், மத்தியஸ்த சபைக்குப் போனாலும் கோட்டுக்குப் போனாலும் திகதியோட எழுதின கணக்குத்தான் பேசும்.

2018ல வரட்சி பாதிச்ச மாவட்டங்களில பொம்பளயள் எடுத்த ஒரு லட்சத்துக்குக் கீழான லோன்கள அரசாங்கம் பொறுப்பெடுத்ததும், 2021 மார்ச் 8 தொடக்கம் ஹிங்குராக்கொடையில சிங்களப் பொம்பளயள் சத்தியாக்கிரகம் இரிந்ததும் ஞாபகம் இரிக்கும். இது உங்கட வீட்டுப் பொம்பள ஊதாரியாச் செலவழிச்ச கதை இல்ல, அதால நீங்க வட்டைக்குள்ள ஒளியத் தேவையில்ல.


வியாழக்கிழமக்காரன்:

எழுதுவமா விடுவமா எண்டு ரெண்டு நாளா யோசிச்சிப் போட்டுத்தான் எழுதுறன். படுவான்கரை அண்ணன், நான் உங்கட வீட்ட வந்தவன் இல்ல, ஆனா நான் அந்த வியாழக்கிழமக்காரன்தான். திருக்கோவில், அக்கரைப்பற்றுப் பக்கம் நாலு வருசம் அதே வேல செஞ்சன். கொம்பனிப் பேர் சொல்ல மாட்டன். ஏஎல் (உயர்தரப் பரீட்சை) முடிச்சு ரெண்டு வருசம் சும்மா இரிந்து போட்டுக் கிடைச்ச முதல் வேல, மோட்டர் சைக்கிளும் தாறாங்க எண்டா அந்த வயசில வேற என்ன வேணும்.

காலையில எல்லாரும் நிண்டு இண்டைக்கு எவ்வளவு கொண்டு வருவன் எண்டு மனேஜருக்கு முன்னால சொல்லணும். பின்னேரம் அந்தத் தொகையோட வரணும், வராட்டி திரும்ப அனுப்புவார், இரவு எட்டு மணியோ ஒம்பது மணியோ, அதான் முத்தத்தில நிக்கிற, நாங்க ஆசைப்பட்டு நிக்கிறல்ல, குறைஞ்சா சில நாள் எங்கட சம்பளத்தில இரிந்து போட்டும் கட்டியிரிக்கம். இத நியாயம் எண்டு சொல்ல எழுதல்ல. ஒரு வீட்டில சின்னப் புள்ள காய்ச்சலோட கிடந்தது, தாய் மருந்துக்கு எண்டு முடிஞ்சி வச்சிரிந்த காச நான் எண்ணி வாங்கியிரிக்கன். அத இப்ப நினச்சாலும் சோறு இறங்காது.

அந்தப் பக்கம் ஒரு சிஸ்டர் இரிந்தா, அறுபது வயசுக்கு மேல இரிக்கும், முழங்கால் ஏலாது. ஒரு நாள் நான் முத்தத்தில நிக்கக்க அவ ஒரு பிளாஸ்டிக் கதிரையத் தூக்கி வந்து என்ட பக்கத்தில போட்டிட்டு இரிந்தா. ஏசப் போறா எண்டு நினச்சன். "தம்பி, இந்தப் புள்ள எடுத்த காசு எவ்வளவு, கட்டினது எவ்வளவு, இனிக் கட்டக் கிடக்கிறதில முதல் எவ்வளவு வட்டி எவ்வளவு, தமிழில எழுதித் தாங்க, நாங்க கட்டுறம்" எண்டா. எனக்கு எழுதத் தெரியல்ல. பொய் இல்ல, எனக்கே தெரியாது. கிழமைக்கு 1,450 எண்டது மட்டும்தான் எனக்குத் தெரியும். அவங்க ஒப்பம் வச்ச பேப்பர் தமிழில இல்ல, நான்தான் அதில விரல வச்சு இஞ்ச சைன் பண்ணுங்க எண்டு காட்டினவன், எனக்கும் அதில என்ன கிடக்கெண்டு தெரியாது.

மறுகா என்ட சம்பளம் எவ்வளவு, ஒரு நாளைக்கு எவ்வளவு கொண்டு போகணும் எண்டு கேட்டா. சொன்னன். அதயும் அவட கொப்பியில எழுதினா. இது என்னத்துக்கு சிஸ்டர் எண்டன். "இதுவும் கணக்குத்தானே மனே" எண்டா.

அடுத்த கிழம பதினொரு பொம்பளயளோட ப்ராஞ்சுக்கு வந்திட்டா. சத்தம் போடல்ல. வாங்கில இரிந்தாங்க, இடம் பத்தாத ஆக்கள் நிலத்தில பாயப் போட்டு இரிந்தாங்க, பாயும் கொண்டு வந்தவங்க! மனேஜர் பொலிசுக்குச் சொல்லுவன் எண்டார். "சொல்லுங்க மகன், அவங்க வந்தா இரவில ஆள் அனுப்புறதப் பத்தியும் எழுதலாம்" எண்டு போட்டு அப்பிடியே இரிந்தா. பகல் ஒரு மணி மட்டும் இரிந்து கணக்க வாங்கிக்கிட்டுத்தான் போனவங்க. கடன் இல்லாமப் போகல்ல, அத விளங்கிக்கொள்ளணும். தவணையக் குறைச்சாங்க, அபராத வட்டிய விட்டாங்க, அந்த ஊருக்கு அஞ்சு மணிக்குப் பொறகு ஆள் போறல்ல எண்டு வந்தது. அவ்வளவுதான். ஆனா அந்தக் கணக்கப் பாத்த ஒரு அம்மா, ரெண்டு தரம் முதலக் கட்டி முடிச்சிரிக்கன் எண்டு கண்டு அந்த ஒஃபிஸ் வாசல்லயே குந்தி அழுதது இன்னும் என்ட கண்ணில நிக்கிது.

அதுக்குப் பொறகு ஆறு மாசத்தில வேலைய விட்டுட்டன். சிஸ்டர் விடச் சொல்லல்ல. இப்ப கட்டார்ல ட்ரைவர்.


கல்லடிக்காரன்:

இத வாசிச்சிட்டு என்ன சொல்ற எண்டு தெரியல்ல தம்பி. என்ட அசெம்பிளி கதையும் உண்மைதான், அதையும் நான் மாத்திச் சொல்ல மாட்டன்.


பாதியிலவந்தவ:

ரெண்டும் உண்மையா இரிக்கலாம் அண்ணன். நான் சொறிக்கல்முனை, திருச்சிலுவைக் கோயில் ஊர். ஏஎல் எழுதினதும் மடத்துக்குப் போனவ, ஏழு வருசம் இரிந்து போட்டு வந்தவ. ரெண்டு மாதிரிச் சிஸ்டர்மாரோடயும் ஒரே மேசையில சாப்பிட்டிரிக்கன்.

ஆரு அனுப்புற எண்டு கேட்டீங்களே, அத மட்டும் கொஞ்சம் விரிவாச் சொல்றன். ஒருத்தி ஆசைப்பட்ட உடன சிஸ்டர் ஆக ஏலாது. முதல்ல ஒண்டு ரெண்டு வருசம் சும்மா வச்சிப் பாப்பாங்க. பொறகு நவசந்நியாசம், திருச்சபைச் சட்டப்படி ஆகக் குறைஞ்சது 12 மாசம், வெளிவேலை குறைவு, செபமும் படிப்பும் கோழிக்கூடு கழுவுறதும்தான். பொறகுதான் முதல் வார்த்தைப்பாடு, அதுவும் ஒரு காலத்துக்கு மட்டும், திருப்பித் திருப்பிப் புதுப்பிக்கணும், 3 வருசத்துக்குக் குறையாம அப்பிடி இரிந்தாத்தான் கடைசி நித்திய வார்த்தைப்பாடு. நான் புதுப்பிக்காம விட்டு வந்தவ. ஓடி வந்தவ இல்ல, ஊரில அப்பிடித்தான் சொல்லுறாங்க.

பஸ்சுக்குக் காசு மதர்ட்டக் கேக்கணும். மிச்சச் சில்லறையையும் டிக்கட்டையும் திருப்பிக் குடுக்கணும். ஒரு நாள் வெயிலுக்கு ஐஸ்பழம் குடிச்சிட்டு அதக் கணக்கில எழுதினன், ஒருத்தரும் ஒண்டும் சொல்லல்ல, ஆனா எழுதக்க ஒரு மாதிரித்தான் இரிந்தது.

பின்னால என்னவோ இரிக்கத்தானே வேணும் எண்டு நீங்க எழுதினது நூறு வீதம் சரி. இரிக்கி. ஒவ்வொரு நாளும் பின்னேரச் செபத்தில மரியாயின் பாட்டு எண்டு ஒண்டு பாடுவம். வலியவங்கள ஆசனத்தில இரிந்து இறக்கிப் போட்டார், தாழ்ந்தவங்கள உயத்தினார், பசிச்சவங்கள நிரப்பினார், பணக்காரர வெறுங்கையோட அனுப்பினார் எண்டு வாறது. பத்து வருசம் சும்மா ராகத்துக்குப் பாடிப் போட்டுப் போற சிஸ்டரும் இரிக்கா. ஒரு நாள் அந்த வரி தொண்டையில சிக்கி, நாளைக்கு ஆர்ட வீட்டு வாசல்ல போய்க் குந்துற எண்டு யோசிக்கிற சிஸ்டரும் இரிக்கா. 1962 தொடக்கம் 65 மட்டும் நடந்த வத்திக்கான் சங்கத்துக்குப் பொறகு எல்லாச் சபையும் தாங்க ஆருக்காகத் தொடங்கினம் எண்டு திரும்பிப் பாக்கணும் எண்டு சொன்னாங்க, 1971ல ஆயர்மார் மாநாட்டில நீதிக்காக வேல செய்றது வேதம் சொல்றதோட ஒட்டினது, அத வெட்டி எடுக்க ஏலாது எண்டு எழுதினாங்க. அந்தக் காலத்தில படிச்சு வந்த சிஸ்டர்மார்தான் இந்த அறுபது எழுபது வயசு முழங்கால் ஏலாத ஆக்கள். அவங்களோட போட்டி போட எங்களால ஏலாது.

வட்டிக்காரரோட முட்டினா என்ன நடக்கும் எண்டும் அவங்களுக்குத் தெரியும். கேரளாவில பிறந்த சிஸ்டர் ராணி மரியா எண்டு ஒராள், மத்தியப் பிரதேசத்தில இந்தூர் பக்கம் நிலம் இல்லாத சனத்த வட்டிக்காரர்ட கையில இரிந்து மீட்க எண்டு சேமிப்புக் குழு, பேங்க் லோன் எண்டு ஓடித் திரிஞ்சவ. 1995 பெப்ரவரி 25, ஓடுற பஸ்சை நிப்பாட்டி ஆக்களுக்கு முன்னால குத்திக் கொலை செஞ்சு போட்டாங்க. கொலை செஞ்சவனச் சிறைக்குப் போய் பாத்து அவட தங்கச்சி ராக்கி கட்டினவ, அவவும் ஒரு சிஸ்டர். 2017ல ராணி மரியாவ முத்திப்பேறு பெற்றவ (புனிதருக்கு முந்தின படி) எண்டு இந்தூர்லயே அறிவிச்சாங்க. இத நவசந்நியாசத்தில எங்களுக்குச் சாப்பாட்டு நேரம் வாசிச்சுக் காட்டினது, அண்டைக்கு ஒருத்தரும் ரெண்டாம் முறை கறி போடல்ல.

நான் ஏன் வந்தன் எண்டா, காணாமப்போன ஆக்கள்ட தாய்மாரோட ரெண்டு வருசம் வேல செஞ்சன். 90ல மகன விட்டவ, 2007ல புருசன விட்டவ எண்டு ஒவ்வொராளுக்கும் ஒரு பைல். அந்த அம்மாமார் எனக்கு முன்னால மட்டும்தான் அழுறவங்க. ஒரு நாள் கடிதம் வந்தது, தூர ஒரு ஊர்ல பாலர் பாடசாலைக்குப் போ எண்டு. கீழ்ப்படிதல். ஏன் எண்டு கேக்க ஏலாது. போனன், "நிலா நிலா ஓடி வா" படிப்பிச்சன், அடுத்த வருசம் புதுப்பிக்கல்ல. அது என்ட பலவீனமா மடத்திர பிழையா எண்டு இண்டைக்கும் முடிவெடுக்கல்ல.

அதால உங்கட கடைசிக் கேள்விக்கு, சிஸ்டர் நிப்பாவா எண்டா, நிப்பா, அவவ மாத்தும் மட்டும். உங்கட ஊருக்கு வாறவவுக்கும் ஒரு நாள் கடிதம் வரும். அது அவவுக்கும் தெரியும், அதான் காசு தராம கொப்பி தந்திரிக்கா. அவ போகக்க அந்தப் பொம்பளயளுக்குத் தாங்களாப் போய் ஒஃபிஸ் வாங்கில இரிக்கத் தெரிஞ்சிரிக்கணும்.


ஏறாவூர்காக்கா:

என்ட மூத்த ராத்தா சவூதிக்கு ஹவுஸ்மெயிடாப் போய் பதினொரு மாசச் சம்பளம் இல்லாம வந்தவ. நாங்க ஊருக்குத் தெரிஞ்சா வெக்கம் எண்டு மூடி மறைச்சம், வாப்பா உயிரோட இரிந்த நேரம், அவர் ஒரு சொல்லும் பேசல்ல. மட்டக்களப்பில ஒரு சிஸ்டர்ட ஆரோ சொல்லி அவ வீட்ட வந்தா. நாலு தரம் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்துக்கு ராத்தாவக் கூட்டிக்கிட்டுப் போனவ, முறைப்பாடு எழுதிக் குடுத்தா, மொழிபெயர்ப்புக்கு ஆள் புடிச்சா. ஏழு மாசச் சம்பளம் வந்தது. நாங்க நோன்பு புடிக்கிற நாளில வந்தா அவவும் தண்ணி குடிக்க மாட்டா, நாங்க குடிங்க எண்டாலும்.

ஒரு நாளும் மதக் கதை எடுக்கல்ல. ஆனா நாங்கதான் கேட்டம். உம்மா கேட்டா, புள்ள குட்டி இல்லாம உங்களுக்கு என்னத்துக்கு இந்தப் பாடு எண்டு. அவ ஈசா நபிய (இயேசுவ) வச்சு என்னவோ சொன்னா, உம்மா தனக்குத் தெரிஞ்சதச் சொன்னா, ரெண்டு பேரும் ஒரு மணித்தியாலம் கதச்சாங்க, ஆரும் மாறல்ல. ராத்தாட பர்தாவும் உங்கட முக்காடும் ஒரே கடைத் துணி போல எண்டு உம்மா பகிடி வேற.

வண்ணக்கர் மாமாவுக்கு சலாம் சொல்லுங்க. அவர்ட பயம் எங்கட ஊரிலயும் இரிக்கி.


படுவான்கரையான்:

எல்லாருக்கும் நன்றி. ரெண்டு மூண்டு நாளா இதையே திருப்பித் திருப்பி வாசிச்சன். வியாழக்கிழமக்காரத் தம்பி எழுதினத மனிசிக்கு வாசிச்சுக் காட்டினன், அவ ஒண்டும் பேசாம எழும்பிப் போய் கொப்பியக் கொண்டு வந்து வச்சா.

நேத்து ராவு ரெண்டு பேரும் இரிந்து கூட்டினம். முதல் லோன் 60,000. இது மட்டும் கட்டினது 97,200. இன்னும் 31,000 கிடக்கு எண்டு அவனுகள் சொல்லுறானுகள். நான் மேசன், சீமெந்துக் கணக்குப் போடுறவன், இந்தக் கணக்கு மட்டும் எந்தப் பக்கத்தால போட்டாலும் சரி வருதில்ல. மூண்டு வருசமா ஒரு நாளாவது இரிந்து கூட்டிப் பாத்திரிக்கலாம்.

சிஸ்டர்ட நேராவே கேட்டன், மதம் மாத்த வாறீங்களா எண்டு. சிரிக்கல்ல, கோவிக்கவும் இல்ல. "உங்கட மனிசி வெள்ளிக்கிழமையில கோயிலுக்குப் போறதால எங்கட கூட்டத்த நான்தான் சனிக்கு மாத்தினன்" எண்டா. அது எனக்கே தெரியாது.

வாற செவ்வாய் எட்டுப் பேர் டவுனுக்கு அந்த ஒஃபிசுக்குப் போறாங்க. நான் அண்டைக்கு வேலைக்குப் போகல்ல, ரெண்டு ஓட்டோ பேசியிரிக்கன். மாமாவும் வாறாராம், அங்க வச்சு என்னத்த ஓதுறாளுகள் எண்டு தான் நேராப் பாக்கணுமாம். வரட்டும். வாங்கில இடம் இல்லாட்டி எண்டு பாய் ரெண்டும் எடுத்து வச்சிரிக்கா மனிசி.

சட்டம் படிக்கிற தங்கச்சி, அந்த மத்திய வங்கி லிஸ்ட் தமிழில இரிக்கா? இரிந்தா லிங்க போடுங்க, போன்ல டவுன்லோட் பண்ணிக் கொண்டு போறம்.